ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து நான்கு மாதத்துக்கு முன்பு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் சாப்பிடுகிறார். சொந்தத்தில் ஒருவர் திராட்சை விதை, கிரீன் டீ, மஞ்சள் மூன்றின் சாறும் சேர்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்து, "இதைச் சாப்பிட்டால் அடைப்பு கரையும், கொலஸ்ட்ரால் மாத்திரையை மெல்ல நிறுத்திவிடலாம்" என்கிறார். செடிகளிலிருந்து வரும் இந்தப் பொருட்கள் இதயத்துக்கு உண்மையிலேயே நல்லதா, எவ்வளவு நம்பலாம்?

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மருந்துகளில் எதையும் நிறுத்த வேண்டாம். குளோபிடோக்ரலை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். முதல் சில மாதங்களில் இந்த ஆபத்து அதிகம். அந்த மாத்திரை டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். காய், கீரை, பழம், பயறு, பருப்பு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவு என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதே செடிகளிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கிக் கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. சில மாத்திரைகள் கெடுதலே செய்திருக்கின்றன.

இதய நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த எண்ணம் விற்பனைக்காகக் கட்டிய கதையாகத் தொடங்கவில்லை. நல்ல விஞ்ஞானத்திலிருந்துதான் பிறந்தது.

நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு போகும் எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாயின் உட்சுவரைத் தாண்டி உள்ளே போய்த் தங்கிவிடுவது உண்டு. அங்கே தங்கிய துகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுகிறது. மேக்ரோஃபேஜ் என்கிற வெள்ளணுக்கள் அதைக் கழிவு என்று எடுத்துக்கொண்டு விழுங்குகின்றன. நல்ல நிலையில் இருக்கும் எல்டிஎல்லை எந்தச் செல்லும் தனக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளும். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் வேறு வாசல் வழியாக மேக்ரோஃபேஜுக்குள் போகிறது, அந்த வாசலுக்குப் பூட்டே கிடையாது. விழுங்கி விழுங்கிக் கொழுப்பு நிரம்பி அந்த அணு நுரை போல உப்பிவிடும். இப்படிப்பட்ட நுரை அணுக்கள் கூடிக்கூடித்தான் அடைப்பின் முதல் படிவு உருவாகிறது. 1989-ல் டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் இந்தக் கருத்தைத் தொகுத்து எழுதியபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தால் அடைப்பையும் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் எல்லாமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக்கூடியவை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட்கள். பிறகென்ன, மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

அடுத்த 15 வருடங்களில் வந்த முடிவுகளை மாத்திரை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்து, சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஐந்து முதல் எட்டு வருடம் வரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது, மொத்த இறப்பும் 8 சதவீதம் கூடியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆய்வின் தொடக்கத்தில், மாத்திரை எதுவும் கொடுப்பதற்கு முன்பே, யாருடைய ரத்தத்தில் பீட்டா கரோட்டின் இயல்பாகவே அதிகம் இருந்ததோ அவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வந்தது. சாப்பாட்டின் வழியாக உடம்பில் சேர்ந்தபோது நல்ல அடையாளமாக இருந்த அதே பொருள், மாத்திரையாகப் போனபோது கெடுதல் செய்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதே மாதிரியான ஆய்வில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் கொடுத்தார்கள். கெடுதல் தெரிந்ததும் 1996-ல் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே நிறுத்திவிட்டார்கள்.

இதயத்துக்கு என்றே நடந்த பெரிய ஆய்வுகளில் இரண்டு முக்கியம். சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த ஹோப் ஆய்வில், இதய நோய் உள்ளவர்களும் வர வாய்ப்புள்ளவர்களுமாக 9,500-க்கு மேற்பட்டவர்களுக்கு நாலரை வருடம் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். 2000-ல் வந்த முடிவு: மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் எந்த வித்தியாசமும் இல்லை. அதையே தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. பிரிட்டனில் 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2002-ல் முடிந்தது. ரத்தத்தில் அந்த வைட்டமின்களின் அளவு நன்றாகவே ஏறியது, ஆனால் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அதே ஆய்வில் அதே ஆட்களில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டினும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது. உங்கள் சொந்தக்காரர் எதை நிறுத்திவிட்டு எதைச் சாப்பிடச் சொல்கிறாரோ, அந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தது போன்ற ஆய்வு இது.

இன்னும் ஒன்று உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தும். சியாட்டிலில் இதய நோயாளிகள் 160 பேரிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டாட்டினும் நியாசினும் (வைட்டமின் பி3) சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. அதே மருந்துகளோடு ஆன்டிஆக்ஸிடன்ட் கலவையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, பலனும் மங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் "கூடச் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, விஞ்ஞானம் நல்லதாக இருந்தும் மாத்திரை ஏன் தோற்றது?

ஒரு காரணம், உடம்புக்கு ஆக்சிஜனேற்றம் முழுக்கவே எதிரி இல்லை. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதே ஆக்சிஜனேற்றம் செய்யும் தீவிர மூலக்கூறுகளை வைத்துத்தான். செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பவும் அவை வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் 2009-ல் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரையும் சேர்த்து. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, சாப்பிட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் அந்தத் தீவிர மூலக்கூறுகளே "உன் பாதுகாப்பைக் கூட்டிக்கொள்" என்று உடம்புக்குச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியைத் துடைத்துவிட்டது. அப்பா தினமும் நடக்கிறார் என்றால் இதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் கணக்கு. வெங்காயம், தேநீர், திராட்சை, மஞ்சள் ஆகியவற்றில் இருக்கும் பாலிபீனால்கள் சோதனைக் குழாயில் அருமையான ஆன்டிஆக்ஸிடன்ட்கள். ஆனால் வயிற்றுக்குள் போனபின் மிகக் கொஞ்சமே ரத்தத்துக்கு வருகிறது. குடலும் கல்லீரலும் அதை மாற்றிவிடுகின்றன, சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். ரத்தத்தில் இவற்றின் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலைத் தொடுவதே பெரிய விஷயம். அதே ரத்தத்தில் வைட்டமின் சி 50 மைக்ரோமோல் அளவிலும், யூரிக் அமிலம் 200 முதல் 400 வரையிலும் இருக்கின்றன. யூரிக் அமிலமும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். இவ்வளவு பேர் ஏற்கெனவே நிற்கிற இடத்தில் அந்தத் துளிப் பாலிபீனால் போய்ப் புதிதாகத் துடைத்துவிட ஒன்றும் இல்லை. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்று அமெரிக்க விவசாயத் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. சோதனைக் குழாய் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை, விளம்பரத்துக்குத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று 2012-ல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. டப்பாக்களின் மேல் அந்த எண்களை இன்றும் பார்க்கலாம்.

அப்படியானால் செடிகள் இதயத்துக்கு எப்படித்தான் உதவுகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்று ஒரே ஒரு செல் அளவு தடிமனுள்ள படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அந்த வாயுதான் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது, வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைவதைக் குறைக்கிறது. இதைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. புகை, சர்க்கரை நோய், உயர் அழுத்தம் எல்லாமே முதலில் கெடுப்பது இந்தப் படலத்தைத்தான். கோகோவிலும் தேநீரிலும் ஆப்பிளிலும் இருக்கும் எபிகேட்டச்சின் போன்ற ஃபிளேவனால்கள் (இவையும் பாலிபீனால்கள்தான்) இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைத் தூண்டுகின்றன. கையில் அழுத்தப் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு விட்டு, குழாய் எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். நல்ல கோகோ குடித்த இரண்டு மணி நேரத்தில் அந்த விரிவு கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மைக்ரோமோல் அளவு துடைக்கும் வேலைக்குப் போதாது, ஆனால் செல்லைத் தட்டி எழுப்ப அது போதும்.

கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. அவற்றில் நைட்ரேட் அதிகம். சாப்பிட்டபின் அந்த நைட்ரேட் உமிழ்நீரில் திரும்ப வாய்க்கு வருகிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, விழுங்கியபின் அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. லண்டனில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 64 பேருக்கு நான்கு வாரம் தினமும் 250 மில்லி பீட்ரூட் சாறு கொடுத்த ஆய்வு 2015-ல் வந்தது. மேல் அழுத்தம் ஏறக்குறைய 8 புள்ளி இறங்கியது. கிருமி கொல்லும் மவுத்வாஷால் கொப்பளித்தால் அந்த பாக்டீரியாக்களும் செத்து இந்த வழியே அடைபட்டுவிடும். பல் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தினமும் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதன் காரணம் இதுதான்.

குடலுக்குள் போகும் பாலிபீனால்களில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகிறது, அதுவும் வீண் இல்லை. மாதுளையில் இருக்கும் பொருளை அங்குள்ள பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக்குகின்றன, எள்ளிலும் ஆளிவிதையிலும் இருக்கும் லிக்னான்களை என்டிரோலாக்டோனாக மாற்றுகின்றன. ஆளுக்கு ஆள் பாக்டீரியா வேறு, அதனால் ஒரே மாதுளை இரண்டு பேருக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை. நார்ச்சத்தும் பயறும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பாக்டீரியாக் கூட்டம் வளமாக இருக்கும். மாத்திரையால் தர முடியாத விஷயம் இது.

இனி ஆட்களிடம் என்ன தெரிந்தது என்று பார்க்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். நெதர்லாந்தின் ஸுட்ஃபன் என்ற ஊரில் 65 முதல் 84 வயது வரையுள்ள ஆண்கள் 805 பேரை ஐந்து வருடம் கவனித்து, மைக்கேல் ஹெர்டாக் குழு 1993-ல் வெளியிட்ட ஆய்வுதான் ஃபிளேவனாய்டுகள் என்ற பாலிபீனால் குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு. அவர்கள் சாப்பிட்ட ஃபிளேவனாய்டின் சராசரி ஒரு நாளைக்கு 26 மில்லிகிராம்தான். அதில் 61 சதவீதம் தேநீரிலிருந்தும், 13 சதவீதம் வெங்காயத்திலிருந்தும், 10 சதவீதம் ஆப்பிளிலிருந்தும் வந்தது. தேநீரும் வெங்காயமும் இதயத்தைக் காக்கும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

அதே ஹெர்டாக் பிறகு வேல்ஸில் உள்ள கேர்ஃபில்லி என்ற ஊர் ஆண்களிடம் இதையே பார்த்தார். 14 வருடம் கவனித்த முடிவு 1997-ல் வந்தது. அங்கே பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. தேநீர் அதிகம் குடித்தவர்கள் இன்னும் அதிகமாக இறந்திருந்தார்கள். ஏன்? கேர்ஃபில்லியில் நிறையத் தேநீர் குடித்தவர்கள் உடலுழைப்பு வேலைக்காரர்கள், புகையும் கொழுப்பும் அவர்களிடம் அதிகம். ஸுட்ஃபனில் தேநீர் குடித்தவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமாக வாழ்ந்தவர்கள். கேர்ஃபில்லிக்காரர்கள் தேநீரில் பால் ஊற்றுவார்கள் என்பதையும் ஹெர்டாக் ஒரு காரணமாகச் சந்தேகித்தார். ஆக, ஒரு பொருளைச் சாப்பிடுகிறவர் நன்றாக இருக்கிறார் என்பதாலேயே அந்தப் பொருள்தான் அவரைக் காத்தது என்று சொல்லிவிட முடியாது. சீட்டுப் போட்டுப் பிரித்து ஒரு பாதிக்குக் கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் பார்க்கும் ஆய்வுதான் தீர்ப்பு.

அப்படிப் பார்த்ததில் கோகோ ஓரளவு தேறியது. அமெரிக்காவில் 21,442 முதியவர்களுக்கு நடந்த காஸ்மோஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால் கொடுத்தார்கள். மொத்த இதய நிகழ்வுகள் 10 சதவீதம் குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் விழுந்தது. இதய நோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. மரணத்தைத் தனியாகப் பார்த்தது அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி இல்லை என்பதால் இதை நம்பிக்கை தரும் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம், நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடையில் வாங்கும் பால் சாக்லேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் சர்க்கரையும் கொழுப்பும்தான் அதிகம், பதப்படுத்துவதில் ஃபிளேவனாலில் பெரும்பகுதி போய்விடும்.

முழு உணவுமுறையைச் சீட்டுப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரியது ஸ்பெயினின் ப்ரெடிமெட். 7,447 பேர். கலப்படமில்லாத முதல்தர ஆலிவ் எண்ணெய் வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர், அல்லது தினமும் 30 கிராம் கொட்டைகள், கூடவே காய், பழம், பயறு, மீன். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆட்களைப் பிரித்ததில் குறை இருந்ததால் 2018-ல் திரும்பக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள், அப்போதும் முடிவு மாறவில்லை. இந்தியாவையும் சேர்த்து 18 நாடுகளில் ஒரு லட்சத்து 35 ஆயிரம் பேரைக் கவனித்த ப்யூர் ஆய்வு, காய், பழம், பயறு மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 375 முதல் 500 கிராம் சாப்பிட்டவர்களுக்கு இறப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. இது கவனித்துப் பார்க்கும் ஆய்வுதான். ஆனாலும் 400 கிராம் காய், பழம் என்பது நம்மில் பலர் வீட்டில் எட்டாத அளவு. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டை வைத்து அந்தக் கணக்கு நிறையாது.

இனி அந்த டப்பா. திராட்சை விதையும் தோலும் பெயர் வாங்கியது பிரெஞ்சுக்காரர்களால். வெண்ணெயும் சீஸும் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு, சிவப்பு ஒயின்தான் காரணம் என்ற பேச்சு 1990-களின் தொடக்கத்தில் பரவியது. ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால்தான் கதாநாயகன் என்றார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் அது சில மில்லிகிராம்தான் இருக்கும். இத்தாலியின் டஸ்கனியில் 783 முதியவர்களின் சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் தடயத்தை அளந்து ஒன்பது வருடம் கவனித்த ஆய்வு 2014-ல் வந்தது. அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் இதய நோயிலோ ஆயுளிலோ வித்தியாசமில்லை. இதை வைத்து யாராவது அப்பாவிடம் "தினமும் கொஞ்சம் ஒயின் நல்லது" என்று சொன்னால் கேட்க வேண்டாம்.

கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாற்றைச் சுருக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. அதில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சுட்டிக்காட்டியது. தேநீராகக் குடிப்பவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

மஞ்சளின் குர்குமின் ரத்தத்துக்கு வருவதே கஷ்டம். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது 20 மடங்கு வரை கூடும் என்று 1998-ல் காட்டியவர்கள் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். அதனால்தான் இப்போது பல மஞ்சள் மாத்திரைகளில் பைப்பரின் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். அங்கேதான் சிக்கலும். மருந்துகளைக் கல்லீரல் கையாளும் வேகத்தைப் பைப்பரின் குறைக்கிறது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன, அவர்களில் பலர் பைப்பரின் சேர்ந்ததைச் சாப்பிட்டவர்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். நாம் குழம்பில் போடும் அரை ஸ்பூனால் யாருக்கும் கல்லீரல் கெடாது. அது மாரடைப்பையும் தடுத்துவிடாது. ருசிக்கும் நிறத்துக்கும் போடுங்கள்.

உங்கள் அப்பாவின் மருந்துகளோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்களைக் கட்டிப்போடும் மருந்துகள். குர்குமின், பூண்டு, திராட்சை விதை ஆகியவற்றின் செறிவான சாறும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யக்கூடியவை. மூன்றும் நாலும் சேரும்போது ரத்தக்கசிவு வரலாம். அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட்டை அதிகம் சாப்பிடக் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நம் ஊரில் அந்தப் பழம் அரிது என்றாலும் அதன் உறவான பம்பளிமாஸிலும் அந்தப் பொருட்கள் உண்டு. உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: செயற்கை வால்வு வைத்து அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மோதும். அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

செடி உணவால் கொலஸ்ட்ரால் குறையவே குறையாதா என்றால், குறையும். டொரொண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 2003-ல் ஓட்ஸ், பார்லி, இசப்கோல், வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம், செடி ஸ்டீரால் சேர்த்த மார்ஜரின் எல்லாம் அடங்கிய உணவை ஒரு மாதம் கொடுத்து எல்டிஎல்லை 28 சதவீதத்துக்கு மேல் இறக்கிக் காட்டினார். பழைய லோவாஸ்டாட்டின் மாத்திரைக்கு இணையான அளவு. எல்லாச் சாப்பாட்டையும் சமைத்துக் கையில் கொடுத்தபோது வந்த எண் அது. ஆட்களே வீட்டில் செய்து சாப்பிட்ட பிந்தைய ஆய்வில் 13 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கியது. இதைச் செய்ததில் பெரும் பங்கு வழவழப்பான நார்ச்சத்துக்கும் ஸ்டீராலுக்கும்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. சாப்பாட்டால் மட்டும் அங்கே போய்ச் சேர்வது மிக அரிது. மாத்திரையும் வேண்டும், வெண்டைக்காயும் வேண்டும்.

சமையலறைக்கு வருகிறேன். சின்ன வெங்காயத்தில் குவெர்செட்டின் நிறைய இருக்கிறது, வெளி அடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த தோலோடு இரண்டு சதைப்பற்றான அடுக்கையும் சேர்த்து உரித்து எறிகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வதக்குவதில் அது அவ்வளவாக அழியாது. வேகவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால்தான் போய்விடும். கீரைக்கும் அதே கதை. சட்டி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டு மசித்தால் நைட்ரேட், வைட்டமின் சி, பொட்டாசியம் எல்லாம் சாக்கடைக்குப் போகிறது. கழுவிய ஈரத்தோடு ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடிப் போட்டு, வெந்ததும் அதே தண்ணீரோடு கடைந்தால் போதும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாலக் எதுவானாலும் வாரத்தில் நான்கைந்து நாள் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மட்டும் பொட்டாசியத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிக்காயைப் பச்சையாகவோ துருவித் தயிரிலோ சாப்பிடலாம். தேன் நெல்லியில் சர்க்கரைதான் அதிகம், ஊறுகாயில் உப்பு. அப்பாவுக்கு உப்பு ஆகாது. தேநீர் தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல். பாலைப் பற்றி ஒரு வார்த்தை: பெர்லினில் 16 பெண்களிடம் 2007-ல் நடந்த ஆய்வில், கறுப்புத் தேநீரால் வந்த குழாய் விரிவு பால் சேர்த்ததும் வராமல் போனது. மிகச் சிறிய ஆய்வு, வேறு ஆய்வுகள் வேறு மாதிரியும் சொல்லியிருக்கின்றன. எதற்கும் ஒரு வேளையாவது கட்டன் சாயாவாகக் குடித்தால் நல்லதுதான், பால் டீயை விட முடியாதவரை வற்புறுத்த மாட்டேன். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்க வேண்டாம். தேநீரின் டானின் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, அதனால் இந்த விஷயம் அப்பாவைவிட உங்கள் வீட்டுப் பெண்களுக்கு முக்கியம். ஒரு மணி நேர இடைவெளி போதும்.

ஆலிவ் எண்ணெய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் என்ற லிக்னான்கள் உண்டு. ஆலிவ் எண்ணெய்க்கு இருப்பது போன்ற பெரிய ஆய்வு நல்லெண்ணெய்க்கு இல்லை, ஆனாலும் பாமாயிலுக்கும் வனஸ்பதிக்கும் பதிலாக அளவோடு பயன்படுத்த நல்ல எண்ணெய். ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதாமோ, உப்புப் போடாமல். அரிசியைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் சுண்டல். டப்பா மாத்திரைக்கு மாதம் கொடுக்கும் பணத்தில் இவ்வளவையும் வாங்கிவிடலாம், கொய்யாப்பழமும் சேர்த்து.

அந்த மாத்திரையை அப்பா ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். அடுத்த முறை இதய டாக்டரிடம் போகும்போது டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எல்டிஎல் பரிசோதனையோடு கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்பே மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகிக் கண்ணும் மஞ்சளித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போகும் வரை ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.